கொழுந்துக் கூடையும் கர்லாக்கட்டையும்

“உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?” என்னும் கேள்வி தோட்டப்புறங்களில் புதியதன்று. விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பகல் முழுதும் மலைச்சரிவில் ஏறி இறங்கி, மாலையில் லயத்துக்குத் திரும்புகிறவருக்குத் தண்டாலும் பஸ்கியும் வேண்டுமா என்பதே அதன் கருத்து. மேற்போக்காக நோக்கினால் இக்கேள்வியில் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

இன்றைய நகரங்களில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோர் மாலையில் பணம் கட்டிப் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று, மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி நடக்கின்றனர், பளுவான கட்டையைத் தலையைச் சுற்றிச் சுழற்றுகின்றனர், படியேறி இறங்குகின்றனர். இதற்குச் ‘செயல்வலுப் பயிற்சி’ என்று பெயர் கூறலாம். ஒரு தசையை மட்டும் தனியே பிரித்துப் பெருக்காமல், குந்தி எழுதல், குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல், உடலை முறுக்கித் திருப்புதல் ஆகிய இயற்கை அசைவுகளிலேயே உடலை வலுப்படுத்துவது இதன் நோக்கம். தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் விளையாடுகின்ற அமெச்சூர் வீரர்களுக்கு இது பெரிதும் ஏற்றதென இக்காலப் பயிற்சியாளர்கள் கூறுகின்றனர்.

கூலிக்காக ஒருவர் செய்யும் அசைவையே மற்றொருவர் காசு கொடுத்துச் செய்கிறார் என்றால், இரண்டும் ஒன்றுதானா? அன்று என்பதே விடை. அவ்விடையை மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் வைத்து ஆராய்வது பயனுடைத்து. ஏனெனில் அங்கே குடியேறிய தமிழ் மக்கள் இரண்டு செல்வங்களுக்கு உரியவர்கள். ஒன்று மலை கற்பித்த உழைப்பு. மற்றொன்று ஊரிலிருந்து வழிவழி வந்த உடற்பயிற்சி மரபு.

மலை திறந்த வரலாறு

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பேராக்–பகாங் எல்லை மலைகளில் ஆய்வு நடத்தி, உயரமானதொரு மேட்டுநிலம் அங்கிருப்பதை அறிவித்தார். அம்மலைநாடு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. எனினும் நாற்பது ஆண்டுகள் வரை அது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்து, மலைவாசத் தலமாக்குவதற்கு உகந்த இடம் எனக் கருதிய பின்னரே வேலைகள் தொடங்கின. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள வளைவுச் சாலை 1931ஆம் ஆண்டளவில் முடிவுற்றது.

சாலை முடியுமுன்பே தேயிலை வந்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கினார். தொழிலாளரும் கோவேறு கழுதைகளும் பழைய நீராவி உருளை ஒன்றுமே அன்று காட்டை வெட்டித் தோட்டமாக்கிய படை என்று அத்தோட்ட வரலாறு கூறும். 1933இல் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றியது. புளூ வேலி, சுங்கை பாலாஸ் முதலிய பெயர்களும் தேயிலையோடு சேர்ந்து வழங்கலாயின. இத்தோட்டங்களில் உழைத்தவருள் பெரும் பகுதியினர் தமிழர். கங்காணி முறையால் மலாயாவுக்கு வந்த குடும்பங்களின் வழியினர் அவர்கள். இந்திய அரசாங்கம் 1938இல் தொழிலாளரைத் திரட்டி அனுப்பும் முறையை நிறுத்தியது. அதன்பின் மலாயாவிலேயே பிறந்த பிள்ளைகளே தோட்டத்தின் அடுத்த தலைமுறை ஆயினர்.

கொழுந்து வேலையில் உடல்

தேயிலை மலை மட்டமானதன்று. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வீட்டுக் கூரைபோல் சரிந்த நிலத்தில், இடுப்பளவு கத்தரித்து வளர்த்த செடிகள் நிரை நிரையாக நிற்கும். முதுகிலே பிரம்புக் கூடை. கைகளோ செடியின் மேற்பரப்பில் விரைந்து செல்லும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முறியும். ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு நாளில் பறிப்பவரின் விரல்கள் எத்தனை ஆயிரம் முறை அசையும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இவ்வேலையில் உடற்பயிற்சியின் கூறுகள் பல உள. சரிவில் ஏறும்போது தொடையும் பிட்டமும் உழைக்கின்றன. இறங்கும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகின்றன. தசை நீண்டவாறே சுமை தாங்குவது, சுருங்கியவாறு தாங்குவதைவிட அதிக வலியைத் தரவல்லது. மலையேறிய மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் ஏறியதாலன்று, இறங்கியதால். நிறையும் கூடையைச் சுமந்து நிற்கையில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் உடலை நிலைநிறுத்துகின்றன. வழுக்கும் மண்ணில் காலூன்றக் கணுக்கால் கற்றுக்கொள்கிறது.

ஆயினும் குறைகளும் உள. உடல் முன்னோக்கி வளைந்தே நிற்கிறது. பின்னோக்கி நிமிரும் வாய்ப்பு அரிது. கைகள் முன்னே நீள்கின்றன. தலைக்கு மேல் எழுவதில்லை. விரலும் மணிக்கட்டும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. சுமை எப்போது கூடவேண்டும், எப்போது குறையவேண்டும் என்பதை உடல் தீர்மானிப்பதில்லை. கொழுந்தின் வளர்ச்சியும் நிறுவைத் தராசுமே தீர்மானிக்கின்றன. களைத்த உடலுக்கு ஓய்வு தேவை என்பதைத் தராசு அறியாது. பிற்காலத்தில் கைப்பறிப்புக்குப் பதிலாகக் கத்தரியும், பின்னர் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும் வந்தன. விரலுக்கு வேலை குறைந்தது; தோளுக்கும் முதுகுக்கும் கூடிற்று. குறையின் இடம் மாறியதேயன்றிக் குறை நீங்கவில்லை.

ஊரிலிருந்து வந்த பயிற்சி

இக்குறைகளுக்கு மருந்து போன்ற ஒரு பயிற்சி முறை தமிழகத்துச் சிற்றூர்களில் முன்னரே இருந்தது. தண்டால் மார்பையும் தோளையும் விரித்துப் பின் முதுகை நிமிர்த்துகிறது. பஸ்கி இடுப்பையும் முழங்காலையும் முழுமையாக மடக்கி நிமிர்த்துகிறது. கர்லாக்கட்டையைத் தோளுக்குப் பின்னே வீழ்த்தித் தலையைச் சுற்றிக் கொணரும்போது, கொழுந்து பறிப்பில் ஒருபோதும் திறவாத தோள்மூட்டு எல்லாத் திசையிலும் திறக்கிறது. சிலம்பமோ கால் மாற்றும் அடிவரிசையையும் இருகைப் பழக்கத்தையும் ஒருங்கே தருவது.

இளவட்டக்கல்லின் நுட்பமும் கருதத்தக்கது. உருண்டையான வழவழப்பான கல்லுக்குப் பிடி கிடையாது. குந்தி அமர்ந்து, கையால் அணைத்து, முதலில் முழங்காலுக்கு, பின் மடிக்கு, பின் மார்புக்கு, இறுதியில் தோளுக்கு ஏற்றவேண்டும். இதில் வெறும் கைவலு செல்லாது. கால், இடுப்பு, முதுகு, பிடி அனைத்தும் ஒன்றுபட்டாலன்றிக் கல் எழாது. செயல்வலு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது. நெல்லை, குமரி மாவட்டங்களின் சில சிற்றூர்களில் பொங்கலையொட்டி இக்கல்லைத் தூக்கும் போட்டி இன்றும் நடைபெறுகிறது.

கர்லாக்கட்டையின் உலகப் பயணம் மற்றொரு வியப்பு. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் படையினர் இந்நாட்டு மல்லர்கள் சுழற்றிய கட்டைகளைக் கண்டு அவற்றைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டனர். 1834இல் லண்டனில் டொனால்டு வாக்கர் வெளியிட்ட தேகப்பயிற்சி நூலில் இந்தியக் கட்டைகள் இடம்பெற்றன. அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அவை சென்றன. 1904இல் செயின்ட் லூயிசிலும் 1932இல் லாஸ் ஏஞ்சல்சிலும் நடந்த ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே இருந்தது. பின்னர் மேல்நாட்டில் அது மறைந்து, 21ஆம் நூற்றாண்டில் செயல்வலுப் பயிற்சியின் பெயரால் மீண்டும் தலையெடுத்துள்ளது. இன்று கோலாலம்பூரிலோ சென்னையிலோ ஓர் இளைஞர் அதை மேல்நாட்டுப் புதுமையென எண்ணி வாங்கினால், தாத்தாவின் பொருளைப் பேரன் விலைகொடுத்து மீட்டதற்கே அது ஒப்பாகும்.

மரபை மட்டும் புகழ்ந்து நிற்பதும் சரியன்று. 1920இல் அமெரிக்கரான ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் சென்றவரும் அவரே. அக்கல்லூரியின் வழியே தென்னாட்டுப் பள்ளிகளில் உடற்பயிற்சி, கற்றுத் தேர்ந்த ஆசிரியர் நடத்தும் பாடமாயிற்று. குரு–சீடர் முறையில் சிலருக்கே கிட்டிய கலை, வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகும் வழி திறந்தது.

உடல் யாருக்கு உரியது?

இனித் தோட்டத்தின் சமூக வரலாற்றை நோக்குதல் வேண்டும். பகலில் தொழிலாளியின் உடல் தோட்டத்துக்கு உரியது. பெரட்டில் அது எண்ணப்படுகிறது. மாலையில் அதன் விளைவு எடைபோடப்படுகிறது. மாலைப்பொழுது ஒன்றே அவருடையது. அந்த மாலையைப் பிடிக்கக் காத்திருந்தது கள்ளுக்கடை. மலாயாத் தோட்டங்களில் அரசாங்க உரிமத்தோடு நடந்த கள்ளுக்கடைகள் உழைப்பின் ஊதியத்தையும், உடல் மீளவேண்டிய நேரத்தையும் ஒருங்கே விழுங்கின. ஆகவே மாலையில் சிலம்பக் கூடத்துக்கோ பந்தாட்டத் திடலுக்கோ சடுகுடுக் களத்துக்கோ சென்ற இளைஞன், தனக்கே உரிய பொழுதைத் தன் உடலுக்கே செலவிட்டான். அது வெறும் பொழுதுபோக்கு அன்று.

இது அரசியலாகவும் வடிவெடுத்தது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் புத்துயிர் பெற்றபோது, தோட்டத் தொழிலாளர் பலர் அதில் சேர்ந்து அணிநடையும் ஆயுதப் பயிற்சியும் பெற்றனர். ஜான்சிராணிப் படையில் தோட்டப் பெண்களும் சேர்ந்தனர். அதுவரை துரைக்கும் கிராணிக்கும் முன்னே ஒதுங்கி நின்றவர்கள், நிமிர்ந்து நடக்க முறையாகக் கற்றனர். போர் முடிந்தபின் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுண்ணாமையை வற்புறுத்தி, அணிவகுத்துப் பயிற்சி செய்த அவ்விளைஞர்களின் இயக்கத்தை 1947இல் அரசாங்கம் அடக்கியது. கையில் வெறும் கம்பு வைத்திருந்த ஓர் இயக்கத்தைக் கண்டு அதிகாரம் அஞ்சியதேன்? வரிசையில் நின்று தன் உடலைத் தானே ஆளக் கற்ற தொழிலாளி, தன் கூலியைப் பற்றியும் வினவத் தொடங்குவான் என்பதை அது உணர்ந்திருந்தது போலும்.

பெண்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. கொழுந்து பறிப்பில் பெண்களே மிகுதி. மலையில் ஒரு வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால், நீரும் விறகும் அடுப்பும் பிள்ளையுமாக மற்றொரு வேலை காத்திருக்கும். சிலம்பக் கூடமும் கர்லாக்கட்டையும் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன. அதிகமாக உழைத்த உடலே பயிற்சிக் களத்திலிருந்து மிகத் தொலைவில் நின்றது. தோட்ட வாழ்வின் உடற்பயிற்சி வரலாற்றில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை.

விஞ்ஞானம் அளித்த விடை

உழைப்பும் பயிற்சியும் வேறு என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் சான்றளிக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் தமது முறையை வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எதுவென்று கண்டு, வலு வளர வளர எடையையும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அம்முறை. இளவட்டக்கற்களைச் சிறியது, பெரியது எனப் படிப்படியாக வைத்திருந்த சிற்றூரார் அறிந்திருந்த உண்மையே இது. டிலோர்ம் அதற்கு அளவும் கணக்கும் தந்தார்.

பளு தூக்கினால் தசை இறுகி வேகம் குறையும் என்ற அச்சம் அக்கால விளையாட்டு ஆசிரியர்களிடையே வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் கார்ப்போவிச், தம் சகாவான சோர்பாசுடன் சேர்ந்து 1951இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொய்யாக்கிற்று. கையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றும் சோதனையில், பளு தூக்கிப் பழகியவர்களின் கைகள் பழகாதவர்களின் கைகளைவிட விரைவாகவே இயங்கின. ஓட்டக்காரருக்கும் பந்தாட்டக்காரருக்கும் வலுப்பயிற்சி பகையன்று என்ற எண்ணம் இதன்பின் மெல்லப் பரவியது.

1953இல் ஜெரி மோரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், லண்டன் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களையும், மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாக இருந்தது. இது உழைப்பின் பக்கமே தீர்ப்பளிப்பது போல் தோன்றும். ஆனால் 21ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கு முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஓய்வு நேரத்தில் மனமுவந்து செய்யும் உடலசைவு நலம் தரும்போது, நீண்ட நேரம் இடைவிடாது செய்யும் கடும் உடலுழைப்பு அதே நலத்தைத் தருவதில்லை என்று காட்டின. அளவு, ஓய்வு, உணவு, உரிமை ஆகியவை வேறுபடுவதே இதற்குக் காரணமென அறிஞர்கள் கருதுகின்றனர். நடத்துநர் படியேறினார், இடையிடையே நின்றார், மீண்டும் ஏறினார். சுமையோடு எட்டு மணி நேரம் சரிவில் நிற்பது வேறு.

தேயிலைத் தொழிலாளரைப் பற்றியே ஒரு சிறந்த ஆய்வு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் எட்ஜர்ட்டன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இரும்புச்சத்துக் குறைந்த தொழிலாளர்களைச் சோதித்து, 1979இல் முடிவை வெளியிட்டனர். இரும்புச்சத்து மருந்து பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. அவர்களது அன்றாட நடமாட்டமும் கூடியது. தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசிய காலங்கள் உண்டு. குறை மனத்தில் இல்லை, இரத்தத்தில் இருந்தது. வெப்பநாடுகளின் தோட்டங்களில் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சியது. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரே உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும் என்பதும் 1975இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. தேயிலையை விளைவித்தவருக்கே தேநீர் சற்றுத் தள்ளிக் குடிக்கவேண்டிய பானமாகிவிட்டது! உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். சுமை மட்டும் வலுவைத் தருவதில்லை. சுமைக்குப் பின் கிடைக்கும் உணவும் உறக்கமும் ஓய்வுமே அதை வலுவாக்குகின்றன. பயிற்சி என்பது அளந்த சுமையும் அளந்த ஓய்வும். ஓய்வற்ற உழைப்போ உடலின் முதலை எடுத்துத் தின்பது.

மலையடிவாரத்தின் ஓட்டக்காரி

கேமரன் மலைச் சாலை தொடங்கும் தாப்பாவில் 1943இல் பிறந்தவர் எம். ராஜாமணி. 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் சார்பில் ஓடிய இவர், 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். அதே போட்டியில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவ்வாண்டு தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு விருதுகளில் சிறந்த வீரர், சிறந்த வீராங்கனை என்னும் இரு பட்டங்களும் இவ்விருவரையே சேர்ந்தன.

ஜெகதீசன் மருத்துவம் பயின்றுகொண்டே ஓடியவர். அமெச்சூர் என்ற சொல்லுக்கு இலக்கணமானவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் கடந்தார். மலேசியாவின் தேசியச் சாதனையாக அது 2017 வரை, 49 ஆண்டுகள் நின்றது. முழுநேரப் பயிற்சியும் பெருஞ்செலவும் இன்றி, படிப்புக்கும் பணிக்கும் இடையே கிடைத்த நேரத்தில் உடலைப் பண்படுத்தியவர் எட்டிய உயரம் அது. ராஜாமணியின் வெற்றியோ, பெண்ணின் உடல் உழைப்புக்கு மட்டுமே உரியதென்ற எண்ணத்துக்குக் கிடைத்த பகிரங்க மறுப்பு.

மெக்சிகோவைக் குறிப்பிட்டதால் மலையின் உயரத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் குறுந்தூர ஓட்டக்காரருக்கு நன்மையும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இடரும் விளைந்தன. உயர்நிலப் பயிற்சிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 மீட்டர் வரையுள்ள இடங்களே ஏற்றவையென விளையாட்டு விஞ்ஞானிகள் கருதுவர். கேமரன் மலையின் ஊர்களும் தோட்டங்களும் அதற்குக் கீழானவை. ஆகவே இம்மலையில் ஓடினால் இரத்தம் தானே பெருகிவிடும் என்று நம்புவது பிழை. மலை தருகின்ற மெய்யான நன்கொடை இரண்டு: ஒன்று சரிவு, மற்றொன்று குளிர்ச்சி. கீழ்நாட்டின் வெப்பத்தில் அரைமணியில் தளர்பவர் இங்கே ஒருமணி பயிலலாம்.

பயில்வோருக்கு வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து மலைநாட்டு அமெச்சூர் வீரர் பெறத்தக்க நெறிகள் சில உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்தில் இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை, சுமந்து நடத்தல், சரிவேற்றம் ஆகிய ஐந்தே அதற்குப் போதும். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை.

பகலில் தோட்டத்திலோ காய்கறிப் பண்ணையிலோ வேலை செய்பவர், வேலையில் வரும் அசைவையே மாலையிலும் செய்யக்கூடாது. குனிந்து உழைத்தவர் நிமிரும் பயிற்சியையும், கையை முன்னே நீட்டி உழைத்தவர் தோளைப் பின்னே திறக்கும் பயிற்சியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்திருந்தவருக்கோ சுமையும் சரிவுமே முதல் மருந்து. சரிவில் ஏறுவதைவிட இறங்குவதைக் குறைவாகத் தொடங்கி வாரந்தோறும் கூட்டுவது முழங்காலைக் காக்கும். சுமையை ஒரே வாரத்தில் பெருக்குவது வீரமன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இங்கேயும் பொருந்தும். விரைவில் மூச்சிரைப்பும் தளர்ச்சியும் காண்பவர், குறிப்பாகப் பெண்கள், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் இரத்தச் சோதனை செய்துகொள்வது அறிவுடைமை.

ஓய்வும் சட்டத்தோடு தொடர்புடையது என்பதை மறத்தலாகாது. 1955ஆம் ஆண்டு மலாயா வேலைவாய்ப்புச் சட்டம் வார ஓய்வு நாளை உறுதிசெய்தது. வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேர வரம்பு, 2023ஆம் ஆண்டு முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. விளையாட்டு வளர்ச்சிக்குத் திடலும் பயிற்சியாளரும் மட்டும் போதா. உழைக்கும் குடும்பத்துக்கு ஒரு மாலையும் ஒரு விடுமுறை நாளும் மிஞ்சவேண்டும். அந்த வகையில் தொழிலாளர் சட்டமும் விளையாட்டு வரலாற்றின் ஒரு பகுதியே.

இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்தெடுப்போருள் வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் மிகுதி. முன்னர் அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். மலையின் பாதைகளில் இப்போது தொலைவிலிருந்து வந்தவர்கள் போட்டிக்காக ஓடுகின்றனர். அப்பாதைகளை முதலில் மிதித்துத் திறந்த கால்கள் யாருடையவை என்பதை அவ்வோட்டக்காரர் அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அக்கால்களின் பேரப்பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

“உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?” என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். கூடை நிறைந்ததும் அதன் பயன் தோட்டத்துக்குச் சென்றுவிடும். கர்லாக்கட்டையைச் சுழற்றிப் பெறும் வலுவோ சுழற்றியவரிடமே தங்கும். அதற்காகவே உழைக்கிறவனுக்கும், அவனினும் மிகுதியாக உழைக்கிறவளுக்கும் அது வேண்டும்.